எங்கள் மூக்குக்கு எட்டாத வாடை

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவங்களை எழுதித் தர வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். புதுமை, வளர்ச்சி, நீடித்து நிற்றல் என்று தலைப்பும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் இவ்வளவு பெரிய சொற்கள் எங்களிடம் புழங்கவில்லை. புதுச் சரக்கு ஓடுமா ஓடாதா, ஓடாவிட்டால் யார் வீட்டில் அடுப்பு எரியாது, இதுதான் பேச்சு. எனக்கு மேடையில் பேசவும் வராது, திரையில் படம் போட்டு விளக்கவும் தெரியாது. நான் செய்த ஒரு நல்ல காரியத்தையும் அதற்குள்ளேயே செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன். தப்பைப் பற்றித்தான் அதிகம் எழுதுவேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் சேர்ந்திருப்பது சுக்கு மல்லிக் காப்பித் தூள் கம்பெனி. நான் சேர்ந்தது இதே முதலாளியின் பீடிக் கம்பெனியில். தென்காசியிலும் சுற்று ஊர்களிலும் எங்களுக்குப் பீடிக்கடைகள் இருந்தன. பெண்கள் அங்கே இலையும் தூளும் வாங்கிப் போய், வீட்டில் உட்கார்ந்து பீடி சுற்றி, கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கடைகளைப் பார்த்துக்கொண்டேன். விற்பனை வருஷா வருஷம் இறங்கியது. வாரம் ஆறு நாள் கொடுத்த இலையை நாலு நாள், மூணு நாள் என்று குறைத்தோம். இலை இல்லை என்று சொல்லும்போது அவர்கள் சண்டை போட்டால்கூடத் தேவலை என்றிருக்கும். பேசாமல் பையை மடித்துக்கொண்டு போவார்கள்.

அந்தச் சமயத்தில் வந்ததுதான் சுக்குக் காப்பி யோசனை. சாரல் காலத்தில் குற்றாலத்தில் குளித்துவிட்டு நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு வேறென்ன வேண்டும். சுக்கு, மல்லி, கருப்பட்டி சேர்த்து அரைத்து, ஒரு தம்ளருக்கு ஒரு பொட்டலம். வெந்நீரில் கொட்டிக் கலக்கினால் காப்பி. அருவிப் பக்கம் பிளாஸ்டிக் கூடாது, அதனால் காகிதம்தான். பசை ஒட்டினால் சாரல் ஈரத்தில் விட்டுப்போகும். மூன்று மாதம் அங்கேயே முட்டிக்கொண்டு நின்றோம். எப்படி மடித்தாலும் பொட்டலம் பெட்டிக்குள் போனதும் வாயைப் பிளந்தது.

வழி கண்டுபிடித்தது பேச்சியம்மாள். சுந்தரபாண்டியபுரத்துக்காரி. எங்களிடம் அவளைப்போல் வேகமாகப் பீடி சுற்றியவர்கள் இல்லை. அவள் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கட்டிலில் கிடந்தார். அவரைத் திருப்பிப் படுக்க வைப்பது முதல் எல்லாம் இவள்தான். பீடிக்கடைக்கு வந்து போகும் நேரத்துக்குக்கூடப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு ஓடி வருவாள். ஒரு நாள் பீடிக்கு முனை மடக்குவது போலவே பட்டர் பேப்பரின் முனைகளை உள்ளே மடக்கிச் செருகி, ஒரு பொட்டலத்தை என் மேஜையில் வைத்தாள். உலுக்கிப் பார்த்தேன், தரையில் எறிந்து பார்த்தேன். பிரியவில்லை. உங்களுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் மடிப்பு அதுதான். சொல்லிக் கொடுத்தவர்கள் அவள் பெயரைச் சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது.

அறுபது பெண்கள் வேண்டியிருந்தது. வீட்டிலேயே மடிக்கலாம், ஆனால் பீடிக் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பீடி அட்டையைத் திருப்பிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. வைப்புநிதி, பிள்ளைகளின் படிப்பு உதவித்தொகை எல்லாம் அந்த அட்டையைப் பிடித்துத்தான் நிற்கிறது. கூட்டம் போட்டுக் கேட்டபோது யாரும் முன்வரவில்லை. பேச்சியம்மாள்தான் எழுந்து வந்து அட்டையை நீட்டினாள்.

“நீங்க இருக்கீயள்லா அண்ணாச்சி. பெறகென்ன” என்றாள்.

அதைப் பார்த்துதான் மற்றவர்களும் கொடுத்தார்கள். வாங்கி வாங்கி மேஜையில் அடுக்கினேன். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, உள்ளூரப் பயமாகவும் இருந்தது. அன்றைக்குப் பிடித்த பயம் பிறகு விட்டதே இல்லை.

முன்னெச்சரிக்கையில் நான் குறை வைக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். தூள் அரைக்கத் தனி இடம். ஒவ்வொரு வீட்டுக்கும் புது எவர்சில்வர் தட்டு, கையுறை, தலையில் கட்டத் துணி. மடித்து வரும் பொட்டலங்களை அடுக்க, பீடியும் புகையிலைத் தூளும் இருப்பு வைக்கும் கிட்டங்கிக்கு அடுத்த அறையை வெள்ளையடித்துச் சுத்தம் செய்து வைத்தோம். சாரல் ஆரம்பித்த வாரமே முதல் சரக்கு குற்றாலத்துக் கடைகளுக்குப் போனது.

ஐந்தருவி போகிற சாலையில் காதர் பாய் டீக்கடை வைத்திருக்கிறார். சவுதியில் பல வருஷம் ஓட்டல் சமையல்கட்டில் இருந்துவிட்டு வந்தவர். நாலாம் நாள் நான் போனபோது பெட்டியை அப்படியே என் பக்கம் தள்ளி வைத்தார்.

“அண்ணாச்சி, இதுல பீடி வாடை அடிக்குது.”

எடுத்து மோந்து பார்த்தேன். சுக்கும் மல்லியும்தான் மணத்தது. ஒரு தம்ளர் போடச் சொல்லிக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. சீசன் நேரத்தில் விலையைக் குறைக்கப் பார்க்கிறார் என்று முடிவுகட்டிவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அலுவலகத்தில் பத்துப் பேருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து, பொட்டலத்தையும் மோந்து பார்க்கச் சொன்னேன். பத்துப் பேரும் வாடையே இல்லை என்றார்கள். பாய்க்குப் போன் செய்து, பத்துப் பேர் பார்த்தாச்சு என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். நீங்க சொன்னா சரி அண்ணாச்சி, ஆனா நான் விக்கல என்று சொல்லி வைத்துவிட்டார்.

உங்களிடம் யாராவது பத்துப் பேரைக் கேட்டேன் என்று சொன்னால், அந்தப் பத்துப் பேர் யார் என்று கேளுங்கள். நான் என்னையே அப்படிக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் பழைய குற்றாலத்திலிருந்து ஒரு கடைக்காரர் பேசினார். ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி இரண்டு மடக்குக் குடித்ததும் வாந்தி எடுத்திருக்கிறாள். அவள் புருஷன் கடையில் வந்து சத்தம் போட்டிருக்கிறான். கர்ப்பிணி என்றால் எதற்கும் குமட்டும் என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கே அந்தச் சமாதானம் ஒட்டவில்லை. கொல்லத்தில் பல கடைகள் வைத்திருக்கும் ஒருவருக்கு மறுநாள் காலையில் பெரிய லோடு போக வேண்டியிருந்தது. அது நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால்தான் அறுபது பேருக்கும் வருஷம் முழுக்க வேலை. குற்றாலத்துச் சீசனை மட்டும் நம்பினால் மூன்று மாதத்தில் கதை முடிந்துவிடும்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, சும்மா ஒரு மனசமாதானத்துக்காக என் மனைவியிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தேன். எதுவும் வாடை வருதா பார் என்றேன். மூக்குப் பக்கம் கொண்டுபோனவள் உடனே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

“ஒங்க சட்டை வாடைதான்” என்றாள்.

சட்டையில் என்ன வாடை என்று கேட்டேன். நான் விளையாடுகிறேன் என்று நினைத்து என் முகத்தைப் பார்த்தாள்.

“கல்யாணம் ஆன மறுவாரத்துலேருந்து ஒங்க சட்டைய தனியாத்தான் தொவைக்கேன். புள்ளையள் துணியோட போட்டா அதுலயும் ஏறிக்கிடும். ஒங்களுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது. கொடியில் என் சட்டைகள் எப்போதும் ஓரமாகத் தனியே காய்வதைப் பார்த்திருக்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. புகையிலைத் தூளுக்குள்ளேயே முப்பது வருஷம் இருந்தவன் மூக்குக்கு அது எப்படித் தெரியும். நான் கேட்ட பத்துப் பேரும் அதே தூளுக்குள் இருந்தவர்கள்தான். எங்கள் கம்பெனி முழுக்கத் தேடினாலும் இந்த வாடையைக் கண்டுபிடிக்க ஓர் ஆள் கிடையாது.

லோடு ஏற்கெனவே கிளம்பியிருந்தது. முதலாளிக்குப் போன் செய்தேன். முதல் லோடு என்பதால் பண்பொழித் திருமலைக் கோயிலுக்குக் கும்பிடப் போயிருந்தார். மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. டிரைவரைக் கூப்பிட்டேன். கேரள எல்லையில், புளியரை செக்போஸ்டில் ஏழெட்டு வண்டிக்குப் பின்னால் நிற்பதாகச் சொன்னான். வரிசை நகர்ந்தால் மலை ஏறிவிடும். மத்தியானத்துக்குள் கொல்லத்துக் கடைகளில் எங்கள் பெயரோடு அந்த வாடையும் இறங்கிவிடும். திருப்பினால் கைக்கு வந்த ஆர்டர் போகும், முதலாளி என்ன செய்வார் என்று தெரியாது. மறுபடியும் முதலாளிக்கு அடித்தேன். எடுக்கவில்லை.

டிரைவரிடம், “வண்டியத் திருப்புலே” என்றேன்.

“முதலாளி சொன்னாவளா?”

“சொல்லிட்டாவ.”

பொய்தான். வேலையில் நான் சொன்ன பொய்களில் இதற்கு மட்டும் வருத்தப்பட்டதில்லை.

நெற்றி நிறைய விபூதியோடு முதலாளி வந்து இறங்கினார். வாசலில் லோடோடு நிற்கிற லாரியைப் பார்த்தார். என்னவே, யாரக் கேட்டுத் திருப்புனீரு என்றார். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயம். எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, இதுல என்னவே இருக்கு என்றார். அவரும் எங்களில் ஒருவர்தானே. காதர் பாயை வரவழைத்தேன். நான் அன்றைக்கு அதட்டியதை மனதில் வைத்துக்கொள்ளாமல், சீசன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்தார். எங்கள் தூளையும் கடையில் வாங்கிய வேறு தூளையும் அடையாளம் தெரியாமல் ஆறு தம்ளரில் வைத்தோம். அவர் குடிக்கக்கூட இல்லை. மோந்து பார்த்தே எங்களுடைய மூன்றையும் எடுத்து ஒதுக்கி வைத்தார்.

ஒதுக்கி வைத்த மூன்று தம்ளரையும் முதலாளி மறுபடி ஒவ்வொன்றாக மோந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

“பத்து நாள் தாரேன். அதுக்குள்ள வாடை போகணும். இல்லன்னா இழுத்துப் பூட்டிருவேன். அந்தப் பொம்பளையளுக்கு நீரே பதில் சொல்லும்.”

அந்தப் பத்து நாளில் நான் என்ன சாப்பிட்டேன், எங்கே போனேன் என்று கேட்டால் பாதி நினைவில்லை. வாங்கி வைத்த அறுபது அட்டைகள் மட்டும் கண் முன்னால் நின்றன. வாடை இரண்டு இடத்திலிருந்து வந்திருக்கலாம். ஒன்று, பெண்களின் வீடுகள். வருஷக்கணக்காகப் பீடி சுற்றிய வீடுகள், சுவரிலும் சேலையிலும் ஏறியிருக்கும். இன்னொன்று, பீடிக் கிட்டங்கிக்கு அடுத்த அறை. எது என்று யோசித்துக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை என்று தோன்றியது. இரண்டையும் ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். பண்பொழிச் சாலையில் மூடிக் கிடந்த ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தோம். தூளும் காகிதமும் அங்கேயே. மடிப்பதும் அங்கேயே. காலையில் வந்து குளித்து, கம்பெனி கொடுக்கும் துணியை உடுத்திக்கொண்டுதான் தட்டைத் தொட வேண்டும்.

இதைப் பெண்களிடம் சொல்வதுதான் பெரும்பாடாகிவிட்டது. உன் வீடு நாறுகிறது என்று யாரிடம் சொல்ல முடியும். என் சட்டைக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ஒவ்வொருத்தியாகத் தன் முந்தானையை மோந்து பார்த்தார்கள். அந்தக் காட்சி எனக்கு இன்றும் தாங்காது.

ஒன்பதாம் நாள் புதுக் கட்டடத்துப் பொட்டலத்தைக் காதர் பாய் மோந்து பார்த்தார். இப்ப சுக்குதான் மணக்குது என்றார். கொல்லத்துக்குத் தாமதமாகத்தான் போனது, ஆனாலும் ஏற்றுக்கொண்டார்கள். அங்கிருந்து அடுத்த ஆர்டர், அதிலிருந்து இன்னொன்று. இன்றைக்கு ஆலங்குளத்துப் பிள்ளைகள்கூட பஸ் ஏறி வேலைக்கு வருகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். என் ஓய்வு விழாவில் பேசியவர்கள் எல்லோரும் புளியரையில் லாரியைத் திருப்பியதைத்தான் சொன்னார்கள். மாலையோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மாலைக்குள் கழுத்து அரித்தது.

அறுபது பேரில் பதினேழு பேரால் புதுக் கட்டடத்துக்கு வர முடியவில்லை. கைக்குழந்தைக்காரி, மாமியாரை விட்டு நகர முடியாதவள், வெளியே வேலைக்குப் போகக் கூடாது என்று வீட்டில் தடுத்தவள். பேச்சியம்மாள் ஒரு நாள் வந்தாள். மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, கணவர் கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று. உடுத்தியிருந்த கம்பெனித் துணியோடு ஓடினாள். மறுநாள் துவைத்து மடித்த துணியை யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தாள். அவள் அட்டையைத் திரும்பப் போட்டுக் கொடுக்கும்படி முதலாளியிடம் கேட்டேன். பீடிக் கணக்கில் புதுப் பெயர் ஏற்றுவதில்லை என்றார். இரண்டாவது தடவை கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் அவளைப் பார்க்கப் போனேன். சூரியகாந்தி பூத்த நேரம். படம் பிடிக்க வந்தவர்களின் கார்கள் வழி முழுக்க நின்றதால் பஸ் ஊர்ந்துதான் போனது. திரும்பிப் போய்விடலாமா என்று நாலு தடவை நினைத்தேன். அவள் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வேறொரு கம்பெனிக்கு, பக்கத்து வீட்டுக்காரியின் அட்டையில். கூலி இவளுக்கு, வைப்புநிதி அட்டைக்காரிக்கு. கம்பெனி நன்றாக ஓடுவதைக் கேட்டு உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். பிறகு கையை நிறுத்தாமலேயே கேட்டாள்.

“அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். எங்க வீட்ல மடிச்ச பொட்டலத்த, அந்தக் கிட்டங்கிப் பக்கம் கொண்டு போவாம, நேரா காதர் பாய்ட்ட காட்டுனீயளா?”

இல்லை என்றேன்.

“அப்ப வாடை எங்க வீட்டுதா, கிட்டங்கிதான்னு பாக்கலியா?”

பார்க்கவில்லை என்றேன். அவள் கேட்டது ஓர் அரை நாள் வேலை. அவள் வீட்டிலிருந்து ஒரு பொட்டலம், ஐந்தருவிக்கு ஒரு பஸ். பத்து நாள் கெடுவில் அது தோன்றவில்லை என்பதை நீங்கள் மன்னிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு இரண்டு சீசன் நேரம் இருந்தது. தோன்றாமலும் இல்லை. கிட்டங்கிதான் காரணம் என்று தெரிந்துவிட்டால், பதினேழு பேரை வீணாக வெளியே தள்ளினேன் என்றாகிவிடும். முதலாளியிடமும் அவர்களிடமும் அதைப் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். தொழில் நல்லபடியாக ஓடும்போது எதற்கு என்று இருந்துவிட்டேன். பயம்தான், வேறு பெயர் வைக்க ஒன்றுமில்லை.

அவள் கோபப்படவில்லை. எழுந்து போய் இறுக மூடிய ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து, அதிலிருந்த பொட்டலத்தைக் காட்டினாள். வீட்டில் மடித்த கடைசி நாளில், மடிப்பு மறந்துவிடக் கூடாது என்று மாதிரிக்கு எடுத்து வைத்ததாம்.

“இது கிட்டங்கிக்கே வரல அண்ணாச்சி. இங்கனயேதான் கெடந்திச்சி. இதக் காட்டிப் பாருங்க” என்றாள்.

சட்டைப் பையில் வைக்கப் போய், என் சட்டை நினைவுக்கு வந்து, டப்பாவோடேயே வாங்கிக்கொண்டேன். தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது குற்றாலம் பஸ் கிளம்ப நின்றது. ஏறவில்லை. வீட்டுக்கு வந்து பொட்டலத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு இறுக மூடினேன். நாலு மாதம் ஆகிறது.

இந்தக் கட்டுரையோடு அந்தப் புட்டியையும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் பீடிக்கடை வாசலை மிதிக்காதவர்கள். ஒருவரிடம் ஒருவர் சொல்லாமல், தனித்தனியாகத் திறந்து மோந்து பாருங்கள். வாடை இருந்தால் எனக்குச் சொல்லுங்கள், நானே போய் அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். இல்லையென்றால், தூளும் காகிதமும் எடுத்துக்கொண்டு சுந்தரபாண்டியபுரம் போய், அவள் வீட்டிலேயே மடிக்கக் கொடுக்க வேண்டும். அதற்கு முதலாளியிடம் சம்மதம் கேட்டு வாங்குவது என் பொறுப்பு, இந்தத் தடவை எத்தனை தடவை என்றாலும் கேட்பேன். இரண்டில் எந்தப் பதிலுக்கு நான் அதிகம் பயப்படுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சீக்கிரம் திறந்து பாருங்கள்.